இடது பக்க இருக்கைகள்

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அது போக, ஒருநாளும் வீட்டுப் பக்கம் வராத நான்கு பேரும் எங்களோடு குடியிருந்தார்கள். "மூணாம் மாடி" என்று ஒரு பாட்டுக் குழு. பாடுகிறவர், கிதார்காரர், பேஸ் வாசிக்கிறவர், டிரம்ஸ்காரர். அவர்களுக்கு எங்களைத் தெரியாது என்பதைத் தவிர எங்கள் உறவில் ஒரு குறையும் இல்லை.

அவர்களைப் பங்கு போட்டது அக்கா. நான் அப்போது மூன்றாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே ஆளைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். போட்டுவிட்டு, மூத்தவள் என்ற ஒரே தகுதியில் கிதார்காரரைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். எனக்கும் அவரைத்தான் பிடித்திருந்தது. அழுதேன். "நீதான் எந்நேரமும் தட்டுல ஸ்பூனால தட்டிக்கிட்டே இருக்கியே, உனக்கு டிரம்ஸ்காரர்தான் பொருத்தம்" என்று அவரை என் தலையில் கட்டினாள். பாடுகிறவர் அம்மாவுக்குப் போனார். மிச்சமிருந்த பேஸ்காரரை அப்பாவுக்குக் கொடுத்தோம். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். டிவியில் அவர்கள் வரும்போதெல்லாம், "இதுல நம்மாளு யாரு? அந்த ஒல்லியா நிக்கிறவனா?" என்று இன்று வரை கேட்கிறார்.

தலையில் கட்டப்பட்டவரை முதலில் வீம்புக்குப் பிடித்தது, பிறகு உண்மையாகவே பிடித்துப்போயிற்று. என் ஆள் இடது கைக்காரர். அதனால் டிரம்களை மற்றவர்களைப் போல் இல்லாமல் இடம் மாற்றி வைத்திருப்பார். கூட்டத்தின் இடது பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அவருடைய இரண்டு கைகளும் தெரியும். இந்தத் தகவலால் உலகத்தில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் பத்து வயதில் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். கேட்க அக்கா இருந்தாள். எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள். அவரவர் ஆளின் பிறந்தநாளன்று அவரவருக்கு ஜன்னலோரக் கட்டில். அவள் ஆளுக்குக் கோடையில் பிறந்தநாள், என் ஆளுக்கு நல்ல மழைக்காலத்தில். சாரலில் நனைந்துகொண்டு ரசிகையாக இருந்திருக்கிறேன்.

நான் பள்ளி முடிப்பதற்குள் குழு உடைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ரசிகர்களும் போனார்கள். என் வகுப்பில் அவர்களுக்காகக் கையில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டு திரிந்தவர்கள் எல்லாம், ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்து, "ஐயே, இன்னுமா கேக்கறே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒரு பாட்டைப் பிடிப்பதற்கு வயது வரம்பு உண்டு என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறது?

இப்போது நான் கல்லூரியில் பிசியோதெரபி இரண்டாம் வருடம். இங்கே ஒரு வேடிக்கை. பள்ளியில் முகம் சுளித்த அதே வயசுக்காரிகள் இப்போது எலும்புக்கூட்டைச் சுற்றி நின்றுகொண்டு, "அந்தக் காலத்துல என்னமா பாட்டு போட்டாங்க, இல்ல?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காலம் என்றால் ஏழாம் வகுப்பு. இதை வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "அந்தக் காலமாம்! நீ சொல்ற அந்தக் காலத்துல வாங்கின குக்கர் இன்னும் கேஸ்கெட் கூட மாத்தாம ஓடுதுடி, மிளகா." வீட்டில் எனக்கு மிளகா என்றுதான் பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா சிரித்தாலும் நான் யோசித்துப் பார்த்தேன். பாட்டுகள் எங்கேயும் போய்விடவில்லை, எல்லாம் என் கைபேசியில் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன். பிறகு எதற்கு இந்த ஏக்கம்? கேட்டு முடித்ததும் பக்கத்தில் திரும்பி, "இந்த இடம் கேட்டியா?" என்று சொல்ல ஆள் இல்லை, அதுதான். வீட்டுக்கு வந்தால் அக்கா இருக்கிறாள். அவளும் இல்லாமல் போனால் எனக்கு அந்தப் பக்கம் காலியாகிவிடும்.

காலியாகத்தான் போகிறது. அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். "இந்தக் கண்ணாடியில நல்லா தெரியுதா, அந்தக் கண்ணாடியிலயா?" என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, வீட்டில் சட்னிக்கு உப்பு பார்க்கச் சொன்னால்கூட அதே குரலில் பேசுவாள். கடை வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே பரிசோதனை அறைக்கு அவள்தான் பொறுப்பு. அடுத்த மாதம் போகிறாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அவளுக்காகப் பெரிய பெட்டி ஒன்றை வாங்கி, அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது. "மூணாம் மாடி" மறுபடியும் ஒன்று சேர்கிறது, ஒரே ஒரு நிகழ்ச்சி, அதுவும் எங்கள் ஊரில். விளம்பரப் படத்தில் கிதார்காரருக்கு முன்தலை ஏறியிருந்தது. பாடுகிறவருக்குத் தொப்பை. என் ஆள் மட்டும் அப்படியே இருந்தார் என்று சொல்ல ஆசைதான், இருந்தாலும் அவரும் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் நிகழ்ச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போகுமுன் ஒரு மாலை முழுக்க அவள் பக்கத்தில் நிற்கலாம். அதன் பிறகு எங்களுக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது, அதனால் நினைக்கவில்லை.

டிக்கெட் விற்பனை ஒரு வேலை நாள் காலையில் தொடங்கியது. எனக்கு அன்று தோள்பட்டை மூட்டு செய்முறை வகுப்பு. உள்ளே கைபேசி கூடாது. அக்கா கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து எடுத்துவிடுகிறேன் என்றாள். நான் ஒருத்தியின் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எந்தத் தசை வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு எதையோ சொல்லித் திட்டு வாங்கினேன். வகுப்பு முடிந்து ஓடி வந்து பார்த்தால் அக்காவிடமிருந்து படம் வந்திருந்தது. இரண்டு டிக்கெட். கிடைத்துவிட்டது!

அப்புறம்தான் இருக்கைகளைப் பார்த்தேன். இடது பக்கம். கடைக்கோடி இடது பக்கம்.

கிதார்காரர் மேடையின் வலது ஓரத்தில்தான் நிற்பார். முதல் நிகழ்ச்சியிலிருந்து அங்கேதான். அந்த அரங்கின் இடது கோடியில் உட்கார்ந்தால், நடுவில் அடுக்கியிருக்கும் ஸ்பீக்கர்கள் அவரை அப்படியே மறைத்துவிடும். அக்கா அனுப்பிய படத்திலேயே வலது பக்கம் ஏகப்பட்ட காலி இடங்கள் பச்சையாகத் தெரிந்தன. கிதார்காரரின் ரசிகை ஒருத்தி, வலது பக்கம் காலியாக இருக்கும்போது, இடது பக்கத்தில் எடுக்கவே மாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எடுக்க மாட்டாள்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது அவர்கள் பாட்டு ஒன்று முடிந்தால், ஆல்பத்தில் அதற்கு அடுத்து வரும் பாட்டின் முதல் வரி தானாக வாயில் வந்துவிடும். போன வருடம் ஒரு செருப்புக் கடையில் "ஈரச் சட்டை" ஓடியது. முடிந்ததும் நான் "பாதிக் கதவு" பாட்டை ஆரம்பித்துவிட்டேன். அக்கா, "இதுல ஏழாம் நம்பர் இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். செருப்பு மும்முரம் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரியிலிருந்து நேராக அவள் கடைக்குப் போனேன். கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன மிளகா, டிக்கெட் கிடைச்சதுக்கு இப்படியா மூஞ்சிய வெச்சுக்குவாங்க?" என்றாள்.

"இடது பக்கம் எடுத்திருக்கே."

"ஆமா. உன் ஆளு இடது கைக்காரர்தானே? அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாதான் ரெண்டு கையும் தெரியும்னு நீதானே உயிரை வாங்குவே."

எனக்காகத்தான் எடுத்திருக்கிறாள். ஆனாலும் விடவில்லை. "அப்ப உன் ஆளு?"

அக்கா துடைத்துக்கொண்டிருந்த சட்டத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பூசி மெழுகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பூசி மெழுகவில்லை.

"எனக்கு அவங்க பாட்டெல்லாம் விட்டுப் போய் ரொம்ப நாளாச்சுடி."

"எவ்வளவு நாளு?"

"காலேஜ் சேர்ந்ததிலேர்ந்து இருக்கும். சண்டையெல்லாம் இல்ல. ஒருநாள் கேட்டேன், ஒண்ணும் தோணல. அவ்வளவுதான்."

"அப்ப இத்தனை வருஷமா எங்கிட்ட நடிச்சியா? நான் பேசறப்பல்லாம் ம்ம் ம்ம்னு மண்டைய ஆட்டினதெல்லாம்?"

"கத்தாதே, கஸ்டமர் வர்ற நேரம்." அவள் சட்டத்தை அலமாரியில் வைத்தாள். "நடிக்கல. நீ சொல்றதைக் கேக்கப் பிடிக்கும். அவங்களைப் பிடிக்கணும்னு இல்லையே."

"பிடிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அப்புறம் எங்கிட்ட என்னடி பேசுவே? நீ வேற எதுவுமே பேசறதில்லையே."

மூக்கு உடைந்தால் வலிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன், எங்கே வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் வெளியே வந்து, பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அவள் மேல் கோபமாக இருந்தேன். கோபம் நன்றாக இருந்தது, அதனால் இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கோபம் தீர்ந்து, பயம் வந்துவிட்டது. அவள் சொன்னது உண்மையா என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். சாப்பிடும்போது, "இன்னிக்கு எத்தனை பேருக்குக் கண்ணு பாத்தே?" என்று கேட்டேன். "பதினாலு பேர்" என்றாள். "ஓ" என்றேன். பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னிக்கு என்ன வகுப்பு?" என்றாள். "முழங்கால்." "ஓ." அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் மாதிரி பேசிக்கிறீங்க?" என்றார்.

சிரிக்க முடியவில்லை. ஒரே அறையில் இத்தனை வருடம் படுத்து எழுந்திருக்கிறோம். அவளுடைய அலாரம் எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரும் என்று தெரியும். அவளுக்கு என்ன கவலை என்று மட்டும் தெரியாது. கவலை இருக்கிறதா என்றே தெரியாது. அந்த நான்கு பேரை எங்கள் நடுவில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாக நான் மட்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் இன்னும் சில வாரங்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். போனில் "சாப்டியா" என்று கேட்டுக்கொள்வோம். அதோடு சரி.

நிகழ்ச்சிக்கு அவள் வர மாட்டாள், என் வகுப்புத் தோழி எவளையாவது அழைத்துப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நிகழ்ச்சியன்று மாலை அவளே முதலில் தயாராகி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏய், வரியா இல்லையா? அப்புறம் முதல் பாட்டு போச்சுன்னு ஒப்பாரி வைப்பே."

அரங்கத்துக்கு வெளியே வரிசை வளைந்து வளைந்து நின்றது. கதவு இன்னும் திறக்கவில்லை. பழைய நிகழ்ச்சிகளின் சட்டைகளைப் போட்டு வந்திருந்தார்கள். பலருக்கு அது வயிற்றைத் தாண்டி இறங்க மறுத்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதன் காதுகளில் பெரிய மூடிகள். யாரோ "ஈரச் சட்டை"யை முணுமுணுக்க, முடிந்ததும் வரிசையின் நாலு மூலையிலிருந்தும் "பாதிக் கதவு" எழுந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் வியாதிக்காரர்கள் இத்தனை பேரா! நானும் பாடினேன். பாடி முடித்து அக்கா பக்கம் திரும்பினால், அவள் சிரித்துக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முணுமுணுப்பும் ஓய்ந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சும்மா நின்றோம். என்ன கேட்பது என்று தெரியாமல், கேட்காமல் விட்ட கேள்விகளில் கைக்கு வந்ததைக் கேட்டேன்.

"புது ஊருக்குப் போறதுல உனக்கு சந்தோஷம்தானே?"

"ம்."

"அம்மாகிட்ட சொல்ற 'ம்'மா இது, இல்ல நிஜ 'ம்'மா?"

அக்கா பையின் வாரைத் திருகினாள். பிறகு, "பயமா இருக்குடி" என்றாள்.

அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கரப்பான்பூச்சியைக் கையால் அடிக்கிறவள்.

"இங்கன்னா ஏதாவது சந்தேகம்னா கூப்பிட்டுக் காட்ட எங்க கடைப் பெரியவர் இருக்கார். அங்க நான் மட்டும்தான். அந்தப் பொண்ணு மாதிரி இன்னொருத்தி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"எந்தப் பொண்ணு?"

"உங்கிட்ட சொல்லலல்ல?" என்று கேட்டுவிட்டு அவளே தலையாட்டிக்கொண்டாள். "ரெண்டு வருஷம் இருக்கும். ஆறு வயசு, ஏழு வயசு. போர்டு தெரியலைன்னு ஸ்கூல்ல சொன்னாங்களாம், கண்ணாடி போட்டா சரியாப்போயிடும்னு அம்மாக்காரி கூட்டிக்கிட்டு வந்தா. நான் ஒவ்வொரு கண்ணாடியா மாத்தி மாத்திப் போடறேன். அவ பட்டுபட்டுனு எழுத்து சொல்றா. எல்லாமே தப்பு. அப்புறம்தான் புரிஞ்சுது, அவளுக்கு எழுத்து எதுவுமே கண்ணுக்குத் தெரியல. தெரியலைன்னு சொன்னா நான் திட்டுவேனோன்னு பயந்துக்கிட்டு, தோணின எழுத்தையெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கா. ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியப் பாத்து, 'கரெக்டா ஆன்ட்டி?'ன்னு கேக்கறா."

முன்னால் இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன். அம்மாக்காரி கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் ஏதோ சொன்னேன். அவங்க போனதும் பின்னாடி ரூம்ல உக்காந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் உங்கிட்ட சொல்லணும்னுதான் உன் கட்டில்ல வந்து உக்காந்தேன். அன்னிக்கு உன் ஆளு தாடிய எடுத்துட்டாராம். நீ போனைக் காட்டிக்கிட்டு குதிச்சுக்கிட்டிருந்தே."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. குழு உடைந்து போன பிறகு அவர் வெளியிட்ட முதல் புகைப்படம் அது. தாடி இல்லாமல் அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கிறார் என்று நான் சொல்ல, அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நாங்கள் அப்படிச் சிரித்த நாட்களில் அது ஒன்று என்று நான் பத்திரமாக வைத்திருந்தேன். பஸ்ஸில் நினைத்துத் தனியாகச் சிரித்ததும் உண்டு. அவள் கண்ணில் வந்த தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

"சரி விடு, நகரு நகரு" என்று அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "ஆரம்பிச்சிடப் போறாங்க. உள்ள போலாம்."

டிக்கெட் பார்க்கிறவரும், "சீக்கிரம் வாங்க, லைட்ட அணைச்சிட்டாங்க" என்று கை காட்டினார். பின்னால் இருந்தவர்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். என் காலும் ஓடத் துடித்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் நான் அக்காவின் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே இழுத்தேன். சுவரோரம், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் நின்றோம்.

"என்னடி பண்றே? பைத்தியமா?"

உள்ளே கூட்டம் ஓவென்று கத்தியது. சுவர் அதிர்ந்தது. டிரம்ஸ்தான் முதலில் தொடங்கியது, என் ஆள்தான், இத்தனை வருடத்துக்குப் பிறகு. அந்த அடி எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாட்டுக்காக இல்லை.

"அந்தப் பொண்ணு அப்புறம் வந்தாளா?" என்று கேட்டேன்.

"வரல."

"நீ அம்மாக்காரிகிட்ட என்ன சொன்னே? எப்படிச் சொன்னே? எல்லாம் சொல்லு."

அக்கா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்பதற்காகக் கிட்டத்தில் நகர்ந்து வந்து, சொல்ல ஆரம்பித்தாள்.